தோளை முடிவு செய்யும் முன் கண்ணைச் சோதியுங்கள்

எங்கள் மாவட்டத் துப்பாக்கி சுடும் கழகத்தின் தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும்,

சென்ற மாதம் கழகத்தின் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்ட தீர்மானத்தைப் பற்றியது இம்மடல். இளையோர் பயிற்சியில் சேரும் பிள்ளைகள் அனைவரும் இனி வலத்தோளில் மட்டுமே துப்பாக்கியை ஏந்த வேண்டும். கழகத்திடம் இருக்கும் ஒரே இடக்கை ஏர் ரைபிளை (காற்றழுத்தத்தால் சுடும் துப்பாக்கி) விற்று, அந்தப் பணத்தில் வலக்கை ரைபிள் ஒன்று வாங்கப்படும். மூன்று மாதத்துக்குள் குறிப்பிட்ட மதிப்பெண்ணை எட்டாத பிள்ளைகள் பயிற்சியிலிருந்து விடுவிக்கப்படுவார்கள் என்று அதில் கண்டிருக்கிறது. இம்மூன்றையும் தனித்தனியே பார்த்தால் நிர்வாக வசதிக்காக எடுத்த முடிவுகளாகத் தோன்றும். சேர்த்துப் பார்த்தால், ஒரு வகைப் பிள்ளைகளை அவர்கள் செய்யாத தவறுக்காக வாசலோடு திருப்பி அனுப்பும் ஏற்பாடாக அது ஆகிவிடுகிறது. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சனி, ஞாயிறுகளில் ஊதியமின்றி அந்தக் கூடத்தில் பிள்ளைகளுக்குக் குறி பார்க்கச் சொல்லிக்கொடுத்து வருகிற நான் இதை வாய்மூடிப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. செயலாளரிடம் இருமுறை நேரில் பேசினேன். "எல்லாருக்கும் ஒரே முறை இருந்தால்தான் ஒழுங்கு இருக்கும்" என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிட்டது. ஆகவே எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

இந்தத் தீர்மானத்தால் முதலில் அடிபட்டது எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு பெண் பிள்ளை. பெயர் வேண்டாம், உங்களில் பலருக்கு அவளைத் தெரியும். தையல் வேலை செய்யும் தாய், இரண்டு பேருந்து மாறி அவளை அழைத்து வருவார். அவள் எழுதுவதும் சாப்பிடுவதும் பந்து எறிவதும் வலக்கையால்தான். எனவே முதல் நாள் நானும் மற்றவர்களைப் போல யோசிக்காமல் ரைபிளை அவளுடைய வலத்தோளில்தான் வைத்தேன். அது என் பிழை. முதல் இரண்டு குண்டுகள் ஓரளவு நன்றாகவே போகும். மூன்றாவது குண்டுக்கு அவளுடைய இடது இமை துடிக்கத் தொடங்கும். நான்காவதில் கன்னம், அது பதிந்திருக்க வேண்டிய துப்பாக்கியின் பின்கட்டையை விட்டு மேலெழும்பும். கழுத்து வளைந்து மூக்கு கட்டைக்கு மேலாக வலப்பக்கம் தாண்டப் பார்க்கும். இடக்கண்ணைக் கொண்டுபோய்ப் பின் சைட்டுக்கு, அதாவது குறி பார்க்கும் பின் உறுப்புக்கு, நேரே வைக்க அவளுடைய தலை தானாகவே முயன்றது. "தலையை ஆட்டாதே, இடது கண்ணை மூடு" என்று ஒரு மாதம் நானே அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு மூடினாள். இலக்கு அட்டையில் துளைகள் மட்டும் ஓரிடத்தில் சேரவே இல்லை.

ஐந்தாவது வாரம்தான் எனக்கு உறைத்தது. பையில் கிடந்த பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றின் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் துளை வெட்டி அவள் கையில் கொடுத்தேன். இரண்டு கைகளாலும் பிடித்து, கையை நீட்டி, இரு கண்களையும் திறந்தபடி அந்தத் துளை வழியாக எதிர்ச்சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னேன். பிறகு கடிகாரத்தை விட்டுப் பார்வை நகராமல் அட்டையை மெல்ல முகத்தை நோக்கி இழுக்கச் சொன்னேன். அட்டை நேராக அவளுடைய இடக்கண்ணில் வந்து நின்றது. மூன்று முறை செய்தோம். மூன்று முறையும் இடக்கண்தான். கை வலது, கண் இடது. இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அதைச் செய்யாமல் ஒரு மாதம் அந்தப் பிள்ளையை வதைத்ததற்காக அன்றே அவளிடமும் அவளுடைய தாயிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

ஆதிக்கக் கண் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். இரு கண்களும் ஒரே காட்சியைச் சற்று வேறுபட்ட இரண்டு இடங்களிலிருந்து பார்க்கின்றன. ஒரு பொருளுக்கு நேராக இன்னொன்றை நிறுத்திப் பார்க்கும் வேலை வரும்போது மூளை இரண்டில் ஒன்றையே நம்புகிறது. இத்தாலியரான ஜியாம்பட்டிஸ்டா டெல்லா போர்ட்டா இதை 1593-லேயே எழுதி வைத்துவிட்டார். மனிதர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு வலக்கண்ணும், பெரும்பாலும் மீதிப் பேருக்கு இடக்கண்ணும் முந்திக்கொள்கின்றன. இடக்கைப் பழக்கம் உள்ளவர்களோ ஏறக்குறைய பத்தில் ஒருவர்தான். இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: வலக்கையால் எழுதிக்கொண்டு இடக்கண்ணால் குறி பார்க்கும் பிள்ளைகள் நம்மிடம் வருவது அபூர்வமான விஷயமே அல்ல. கண் மருத்துவரின் எழுத்துப் பலகை இதைக் காட்டாது. பார்வைக் கூர்மை வேறு, ஆதிக்கம் வேறு. இரு கண்ணும் குறையில்லாமல் இருக்கிறது என்று சான்றிதழ் கொண்டு வரும் பிள்ளைக்கும் இந்தச் சிக்கல் இருக்கலாம்.

"ஒரு கண்ணை மூடிவிட்டால் தீர்ந்தது" என்று செயற்குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். ஏர் ரைபிளில் பின் சைட்டின் சிறு துளை வழியாக வலக்கண் பார்க்கும்போது, இடக்கண் சைட்டையே பார்ப்பதில்லை. கூடத்தின் சுவரையும் விளக்கையும் வெறும் அட்டையையும்தான் பார்க்கிறது. இடக்கண் ஆதிக்கம் உள்ள பிள்ளைக்கு மூளை அந்தச் சுவரைத்தான் முன்னால் கொண்டு வருகிறது. வலக்கண் காட்டும் வளையமும் அதற்குள் நிற்க வேண்டிய கறுப்புப் புள்ளியும் மங்கி, தெரிந்து, மீண்டும் மங்குகின்றன. இதைத் தடுக்கத்தான் பிள்ளைகள் கண்ணை இறுக்கி மூடுகிறார்கள். முகத்தின் ஒரு பக்கத் தசையை இறுக்கினால் மறு பக்கமும் சேர்ந்து இறுகும். திறந்திருக்கும் கண்ணும் சோர்ந்துபோகும். ஒரு குண்டுக்கு இது முடியும். தகுதிச் சுற்றில் 60 குண்டுகள், 75 நிமிடங்கள். பத்து மீட்டர் தூரத்தில் பத்துப் புள்ளிக்குரிய இடத்தின் விட்டம் அரை மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டரை ஒன்றே கால் மணி நேரம் முகத்தைச் சுளித்துக்கொண்டு பிடித்து நிற்கச் சொல்லி எந்தப் பிள்ளையையும் நாம் கேட்கக் கூடாது.

துளைக்குப் பதிலாக மேலே திறந்த பிளவு இருக்கும் சைட்டு, அதாவது திறந்த சைட்டு உள்ள துப்பாக்கியில் விளைவு இன்னும் கொடியது. அதை நான் என் உடம்பிலேயே அறிந்தவன். 1991-இல், பதினெட்டு வயதில், ஒரு பயிற்சி முகாமில் முதன்முதலாக .22 ரைபிளைக் கையில் எடுத்தேன். தரையில் படுத்து, 25 மீட்டரில் ஐந்து குண்டுகள். எனக்கு இடது கண்ணைத் தனியாக மூட வராது. மூடினால் இரண்டும் மூடிக்கொள்ளும். எனவே பயிற்சியாளர் பார்க்காத நேரத்தில் இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டு சுட்டேன். அட்டைகளைக் கழற்றி வந்தபோது என் அட்டையில் ஒரு துளைகூட இல்லை. எனக்கு இடப்பக்கம் படுத்திருந்த நண்பனின் அட்டையிலும் அதன் சட்டத்திலுமாக ஒன்பது துளைகள் இருந்தன. நாங்கள் விளையாடியதாகச் சொல்லி இருவரையும் மைதானத்தைச் சுற்றி ஃப்ரன்ட் ரோல் அடிக்க வைத்தார்கள். முழங்கை தோல் உரிந்து அன்றிரவு அவன் என்னிடம் பேசவே இல்லை. "உனக்கெல்லாம் துப்பாக்கி வராது" என்று எல்லோர் முன்னிலும் சொல்லப்பட்டது. அதை நான் பதின்மூன்று ஆண்டுகள் நம்பினேன்.

2004-இல்தான், வேலைக்குப் போன ஊரில், ஓய்வு பெற்ற ஒரு முதியவர் எனக்கு அந்த அட்டைச் சோதனையைச் செய்துகாட்டினார். நான் கணக்காசிரியன், அன்றிரவே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரு கண்மணிகளுக்கும் இடையே ஏறத்தாழ 63 மில்லிமீட்டர். முன் சைட்டு கண்ணிலிருந்து சுமார் ஒரு மீட்டர் தள்ளி இருப்பதாகக் கொள்வோம். துப்பாக்கி வலக்கண்ணுக்குக் கீழே இருக்க, முன் சைட்டை இடக்கண் இலக்கோடு பொருத்திவிட்டால், அதற்கப்பால் போகும் ஒவ்வொரு மீட்டருக்கும் குண்டு 63 மில்லிமீட்டர் இடப்பக்கம் விலகும். 25 மீட்டரில் அது ஒன்றரை மீட்டர். அடுத்த ஆளின் அட்டை அவ்வளவு தூரத்தில்தான் இருந்தது. என் கை நடுங்கவில்லை, நான் விளையாடவும் இல்லை. என் கண் தனக்குத் தெரிந்தபடி சரியாகவே குறி பார்த்திருக்கிறது. தட்டுகளை நோக்கிச் சுடும் டிராப் போட்டியில் இரு கண்ணும் திறந்தே இருக்க வேண்டியிருப்பதால் இது முற்றிலும் வெளிப்படையாகத் தெரியும்: 30 மீட்டர் தள்ளிப் பறக்கும் 11 சென்டிமீட்டர் தட்டுக்கு 1.8 மீட்டர் இடப்பக்கத்தில் ரவைக் கூட்டம் போய்விடும். எத்தனை ஆயிரம் தோட்டா செலவழித்தாலும் பயிற்சியால் இது சரியாகாது, ஏனென்றால் இங்கே திருத்த வேண்டிய தவறு எதுவும் பிள்ளையின் கையில் இல்லை.

மீண்டும் அந்தப் பெண் பிள்ளையிடம் வருகிறேன். முதலில் ஐஸ்கிரீம் டப்பாவின் பால்வெள்ளை மூடியிலிருந்து விரலளவு துண்டு ஒன்றை வெட்டி, அவளுடைய இடக்கண்ணுக்கு முன்னால் மறைப்பாகப் பொருத்தினேன். கறுப்புத் துண்டு வைக்கக் கூடாது. ஒரு கண்ணுக்கு வெளிச்சம் போகாவிட்டால் மறு கண்ணின் பாவையும் விரிந்து குறி கலங்கும். 30 மில்லிமீட்டர் அகலத்துக்கு மேற்படாத முன்மறைப்பைச் சர்வதேச விதிகளே அனுமதிக்கின்றன. இமைத் துடிப்பு அன்றே நின்றது. கழுத்து வளைவு மட்டும் நிற்கவில்லை. அவளுடைய இடக்கண் ஆதிக்கம் அவ்வளவு அழுத்தமானது. எனவே தாயின் சம்மதத்தோடு அந்த இடக்கை ரைபிளை எடுத்துக் கொடுத்தேன். முதல் இரண்டு வாரம் அழுதாள். இடது ஆள்காட்டி விரலுக்கு டிரிகர் பழகவில்லை, எல்லாம் தலைகீழாக இருக்கிறது என்றாள். மூன்றாம் வாரம் கன்னம் கட்டையில் ஒட்டியது. ஆறாவது வாரம் ஐந்து குண்டுகளையும் ஒரு பத்து ரூபாய் நாணயத்துக்குள் அடக்கிய அட்டையைத் தாயிடம் காட்ட வராந்தாவுக்கு ஓடினாள். பன்னிரண்டு ஆண்டுகளில் நான் அதிகம் மகிழ்ந்த நாட்களில் அது ஒன்று. அதற்கு அடுத்த ஞாயிறு உங்கள் அறிவிப்பு ஒட்டப்பட்டது. ரைபிள் அலமாரிக்குள் போய்விட்டது, அவள் மறுபடியும் வலத்தோளுக்கு மாற்றப்பட்டாள், இப்போது மூன்று வாரமாக வரவில்லை. உங்கள் மூன்று மாதக் கெடு அவளுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

தீர்மானத்துக்கு நீங்கள் சொல்லும் முதல் காரணம் பாதுகாப்பு. அதை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. துப்பாக்கி இருக்கும் கூடத்தில் பாதுகாப்புக்கு மேல் எதுவுமில்லை. நின்று சுடும்போது வலத்தோளில் ஏந்துகிறவரின் மார்பு வலப்பக்கம் பார்த்திருக்கும், இடத்தோளில் ஏந்துகிறவரின் மார்பு இடப்பக்கம் பார்த்திருக்கும். இருவரும் தவறான வரிசையில் நின்றால் முகத்துக்கு முகம் பார்க்க வேண்டிவரும். அது கவனத்தைக் குலைக்கும் என்பது உண்மை. ஆனால் இடத்தோள்காரரை இடக்கோடியில் உள்ள முதல் லேனில் (ஒருவர் நின்று சுடும் இடம்) நிறுத்திவிட்டால் அவர் சுவரைப் பார்த்து நிற்பார், பக்கத்தில் இருப்பவர் மறுபுறம் பார்த்து நிற்பார். துப்பாக்கி வாய் எல்லோருக்கும் முன்னோக்கியே இருக்கிறது. ஆறு வாரமாக அவளை நான் அங்கேதான் நிறுத்தினேன். எந்த இடையூறும் நேர்ந்ததாகப் பதிவேட்டில் ஒரு வரி இல்லை. உண்மையில், கண்ணைப் பொருத்தத் தலையைத் திருகிக்கொண்டு தவறான தோளில் துப்பாக்கியைப் பிடித்திருக்கும் பிள்ளையைப் பற்றித்தான் எனக்கு அதிகப் பயம்.

இரண்டாவது காரணம் செலவு. கழகத்தின் கையிருப்பு எவ்வளவு என்று எனக்குத் தெரியும், வலக்கை ரைபிள்களுக்காகப் பிள்ளைகள் வரிசையில் காத்திருப்பதும் தெரியும். கன்னப்பலகையை இருபக்கமும் மாற்றிப் பொருத்தக்கூடிய, இரு கைக்கும் பொதுவான கட்டையுள்ள பயிற்சி ரைபிள்கள் சந்தையில் கிடைக்கின்றன. அடுத்து வாங்கும்போது அவற்றை வாங்கினால் எல்லாப் பிள்ளைகளுக்கும் அது உதவும். இருப்பதை விற்பதில் என்ன மிச்சம் என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றாவது ஒன்றையும் சொல்லியாக வேண்டும், அது தீர்மானத்தில் எழுதப்படாவிட்டாலும். "இடக்கையால் சுடுவது பார்க்கவே நன்றாக இல்லை" என்று மூத்த உறுப்பினர் ஒருவர் அந்தப் பிள்ளையின் காதுபடச் சொன்னார். இடக்கையால் எழுதிய பிள்ளைகளை விரல் முட்டியில் ஸ்கேலால் அடித்து வலக்கைக்கு மாற்றிய வகுப்பறைகளில் நாம் படித்தோம். அந்தப் பழக்கம் பள்ளிக்கூடத்தை விட்டுப் பெரும்பாலும் போய்விட்டது. துப்பாக்கிக் கூடத்தில் அதற்கு இடம் தர வேண்டாம். சவுரவ் கங்குலி வலக்கைக்காரர், பேட் பிடித்தது இடக்கைப் பக்கம். ஹங்கேரியின் காரோய் தகாச்சின் வலக்கை 1938-இல் கையெறி குண்டு வெடித்துச் சிதைந்துபோனது, இடக்கையால் மறுபடியும் பழகி 1948 லண்டனிலும் 1952 ஹெல்சின்கியிலும் பிஸ்டலில் ஒலிம்பிக் தங்கம் வாங்கினார். முப்பதைத் தொடும் வயதில் அவரால் கை மாற முடிந்தது என்றால், பதின்மூன்று வயதுப் பிள்ளையால் தோள் மாற முடியாது என்று நாம் ஏன் முடிவு கட்ட வேண்டும்?

எல்லா இடக்கண் பிள்ளைகளையும் இடத்தோளுக்கு மாற்றுங்கள் என்று நான் கேட்கவில்லை. சிலருக்கு ஆதிக்கம் மெலிதாக இருக்கும். ஒரு முறை வலக்கண்ணும் மறுமுறை இடக்கண்ணுமாக அட்டை வந்து நிற்கும். அவர்களுக்கு வெள்ளை மறைப்பே போதும். பல ஆண்டு வலத்தோளில் சுட்டுப் பழகிய பெரியவர்களைக் கலைப்பதிலும் பொருளில்லை. பிஸ்டலில் கை முழுதாக நீண்டிருப்பதால், தலையைச் சற்றுத் திருப்பினாலே இடக்கண்ணுக்கு நேரே சைட்டைக் கொண்டுவந்துவிடலாம். அங்கே கையை மாற்ற வேண்டிய அவசியமே பெரும்பாலும் வராது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பத்து மீட்டர் ஏர் பிஸ்டலைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்: தென்கொரியாவின் கிம் யே-ஜி ஒரு கண்ணுக்கு லென்ஸும் மறு கண்ணுக்கு மறைப்பும் வைத்து வெள்ளி வென்றார்; துருக்கியின் யூசுஃப் டிகெச் இரு கண்களையும் திறந்து வைத்துக்கொண்டு கலப்பு அணிப் போட்டியில் வெள்ளி வென்றார். அவரவர் கண்ணுக்கு ஏற்றதை அவரவர் செய்தார்கள். எந்தப் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கும் பயிற்சியாளர் முடிவு செய்ய வேண்டும். அறிவிப்புப் பலகையில் இருந்து அதை முடிவு செய்ய முடியாது.

எனவே செயற்குழுவிடம் நான் கேட்பவை இவை. வலத்தோள் மட்டுமே என்ற விதியை அடுத்த கூட்டத்தில் திரும்பப் பெறுங்கள். சேர்க்கைப் படிவத்தில் உயரம், எடை எழுதும் இடத்துக்குக் கீழே ஆதிக்கக் கண் என்று ஒரு வரி சேர்த்து, ஒவ்வொரு பிள்ளையையும் துப்பாக்கியைத் தொடும் முன்பே, இரு கைகளாலும் அட்டையைப் பிடிக்க வைத்து, மூன்று முறை சோதித்து எழுதச் செய்யுங்கள்; விரல் நீட்டிப் பார்க்கும் சோதனை வேண்டாம், எந்தக் கை விரல் என்பதைப் பொறுத்து அது மாறக்கூடும். இடக்கை ரைபிளை விற்கும் முடிவை நிறுத்தி வையுங்கள், முதல் லேனை இடத்தோள்காரர்களுக்கு என்று ஒதுக்குங்கள். கண்ணும் கையும் மாறி இருப்பதாகத் தெரிந்த பிள்ளைகளுக்கு மூன்று மாதக் கெடுவை, அவர்களுக்குப் பொருந்தும் தோள் முடிவான நாளிலிருந்து கணக்கிடுங்கள். கடந்த ஓராண்டில் மதிப்பெண் போதவில்லை என்று விடுவிக்கப்பட்ட பிள்ளைகளின் வீடுகளுக்கு ஒரு கடிதம் அனுப்பி, ஒரே ஒரு முறை வந்து சோதித்துக்கொள்ள அழையுங்கள். அந்தச் சோதனைகளை நானே செய்து தருகிறேன். கழகத்துக்கு ஒரு ரூபாய் செலவு வராது.

அந்தத் தாயிடமும் மகளிடமும் செயலாளர் நேரில் பேசி, வரும் ஞாயிறு காலை பயிற்சிக்கு வரச் சொல்ல வேண்டும் என்பதையும் தனியே கேட்டுக்கொள்கிறேன். அன்று அந்த ரைபிள் அலமாரியில் இருந்து எடுக்கப்பட்டு முதல் லேனில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
இளையோர் பிரிவின் கௌரவப் பயிற்சியாளர்